தொட்டால் சுடும் தீ, விட்டால் சுடும் நோய்

சிங்கப்பூரின் தோ பாயோவில் நாங்கள் குடியிருந்த புளோக்கின் கீழ்த்தளத்தில் மாமாவின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். எனக்கு அப்போது 14 வயது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அத்தை, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். "நெஞ்சிலே தணலை அள்ளிக் கொட்டிவிட்டுப் போனீரே" என்ற வரி திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் ‘போனீரே’ என்ற இடத்தில் குரல் உச்சியிலிருந்து படிப்படியாக இறங்கி, கடைசி எழுத்தில் உடைந்தது. மூன்றாம் மாடியில் வசித்த சீன மூதாட்டி ஒருவர் ஈரச்சந்தையிலிருந்து திரும்பியவர், மின்தூக்கிக்குப் போகாமல் அப்படியே நின்றுவிட்டார். அவருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கையிலிருந்த கீரைக்கட்டின் ஈரம் சொட்டிச் செருப்பை நனைத்ததை அவர் கவனிக்கவேயில்லை.

அன்று மனத்தில் விழுந்த இரண்டு கேள்விகள் இன்றுவரை என்னை விடவில்லை. பிரிவைச் சொல்வதற்கு அத்தை ஏன் தணலைத் தேடிப் போனார்? சொல்லே புரியாதவரின் கண்ணில் நீர் எப்படி வந்தது?

முதல் கேள்விக்கான விடையின் ஒரு நுனி நம் பேச்சிலேயே இருக்கிறது. கால் நோகிறது என்கிறோம். மனம் நோகும்படி பேசாதே என்றும் சொல்கிறோம். உடம்புக்கும் உள்ளத்துக்கும் ஒரே வினைச்சொல். இதை வெறும் சொல் வழக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 2003ஆம் ஆண்டில் உளவியலாளர் நவோமி ஐசன்பெர்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த ஒரு சோதனை, அப்படி ஒதுக்க முடியாமல் செய்துவிட்டது.

சோதனை மிக எளிமையானது. மூளையின் இயக்கத்தைப் படம்பிடிக்கும் எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்திருப்பவர் கணினித் திரையில் பந்து விளையாடுகிறார். உடன் விளையாடும் இருவரும் உண்மையான மனிதர்கள் என்று அவரிடம் சொல்லப்படுகிறது. உண்மையில் அவர்களை இயக்குவது கணினிதான். சிறிது நேரம் மூவருக்குள்ளும் பந்து சுற்றுகிறது. பிறகு அந்த இருவரும் தங்களுக்குள் மட்டும் பந்தை எறிந்துகொள்கிறார்கள். இவருக்கு வருவதே இல்லை. முகம் தெரியாதவர்கள், ஒரு பொம்மை விளையாட்டு. ஆனாலும் ஒதுக்கப்பட்டவரின் மூளையில் முன் சிங்குலேட் புறணி என்ற பகுதியின் மேற்புறம் சுறுசுறுப்படைந்தது. யார் அதிகம் வருந்தியதாகச் சொன்னார்களோ அவர்களிடம் அது இன்னும் அதிகமாக இருந்தது.

இந்தப் பகுதி ஏன் முக்கியம் என்றால், வலி என்பது ஒற்றை அனுபவமன்று. எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்பது ஒரு பங்கு. ‘ஐயோ, தாங்க முடியவில்லையே’ என்ற வேதனை இன்னொரு பங்கு. முன் சிங்குலேட் பகுதி இரண்டாவதோடு நெருங்கிய தொடர்புடையது. தீராத வலிக்காக அந்த இடத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலர், வலி இருப்பது தெரிகிறது, ஆனால் அது முன்போல் தங்களை வாட்டவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

2011இல் ஈத்தன் கிராஸ் தலைமையில் வந்த ஆய்வு இன்னும் நெருக்கமாகப் போனது. விருப்பமில்லாமல் காதல் முறிந்துபோன 40 பேர் அதில் கலந்துகொண்டார்கள். எல்லாருக்கும் முறிவு ஏற்பட்டு ஆறு மாதத்துக்குள்தான் ஆகியிருந்தது. பிரிந்துபோனவரின் படத்தைப் பார்த்து அந்த நிராகரிப்பை நினைக்கச் சொன்னார்கள். வேறொரு சமயத்தில், முன்கையில் சூடான தகடு ஒன்றை வைத்தார்கள். காயம் ஏற்படாது, ஆனால் சுடும். படமும் சூடும் மூளையில் ஒரே இடங்கள் சிலவற்றை எழுப்பின. வேதனைப் பகுதி மட்டுமின்றி, உடலுணர்வைப் பதிவு செய்யும் பகுதிகளும் அவற்றில் இருந்தன. நெஞ்சில் தணல் கொட்டியதாக அத்தை சொன்னது இதைத்தானோ என்று, இந்த ஆய்வைப் படித்த அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் முடியவில்லை. முன் சிங்குலேட் பகுதி வலிக்கு மட்டும் சொந்தமானதன்று. எதிர்பார்த்தது பிசகினாலும், இரண்டு வழிகளுக்கு நடுவே தடுமாறினாலும் அது விழித்துக்கொள்ளும். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கிராஸும் அதில் ஒரு பங்காளி, மூளையின் எந்த இடம் ஒளிர்கிறது என்பதோடு நிற்காமல், அந்த இடத்துக்குள் ஒளிரும் கோலம் எப்படி இருக்கிறது என்று நுணுகிப் பார்த்தது. சூட்டின் கோலமும் நிராகரிப்பின் கோலமும் வெவ்வேறாக இருந்தன. ஒரே முற்றம், இரண்டு கோலங்கள்.

இந்த இடத்தில் வள்ளுவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிரிவாற்றாமை அதிகாரத்தில் வரும் 1159ஆம் குறள்:

தொடிற்சுடின் அல்லது காமநோய் போல
விடிற்சுடல் ஆற்றுமோ தீ.

தீ தொட்டால்தான் சுடும். இந்த நோயைப் போல, விலகினால் சுட அதற்குத் தெரியுமா? ‘சுடுகிறது’ என்பதில் இரண்டையும் சேர்த்துவிட்டு, தொடுவதிலும் விடுவதிலும் பிரித்துவிடுகிறார். ஒப்புமையும் வேற்றுமையும் ஒரே மூச்சில் வருகின்றன. வள்ளுவர் மூளையியல் சொன்னார் என்று நான் வாதிடவில்லை; அப்படிச் சொல்வது அவருக்கும் அறிவியலுக்கும் செய்யும் அநீதி. ஆனால் தன் நெஞ்சைக் கூர்ந்து கவனித்த ஒருவர் எவ்வளவு துல்லியமாக எழுத முடியும் என்பதற்கு இந்த ஏழு சீரைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது.

விலகல் ஏன் சுட வேண்டும்? மனிதக் குழந்தை தனியே விடப்பட்டால் பிழைக்காது. பசியைப் போல, காயத்தைப் போல, தாயின் இன்மையும் உயிருக்கு ஆபத்து. ஆகவே உடம்பு அதற்கும் ஓர் அபாய மணி வைத்திருக்கிறது. யாக் பாங்க்செப்பும் அவருடைய குழுவினரும் 1978இல் காட்டிய செய்தி இதற்கு வலுச் சேர்க்கிறது: தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட நாய்க்குட்டிகளின் கதறல், மிகக் குறைந்த அளவு மார்பின் கொடுத்தபோது தணிந்தது. மார்பின் வலி நிவாரணி. உடம்பு தானாகவே சுரக்கும் அதன் உறவுப் பொருள்கள்தான் அணைப்பிலும் அருகாமையிலும் நாம் பெறும் நிம்மதிக்கு ஒரு காரணம் என்று பாங்க்செப் கருதினார்.

நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிச் சிங்கப்பூரில் இறங்கிய ஆண்களில் பலர் மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தவர்கள். இன்று ஞாயிறு மாலையில் தேக்காவின் புல்வெளிகளில் அமர்ந்து, கைப்பேசித் திரையில் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கட்டுமான ஊழியரும் பிரிவுக்குரிய அதே பாலைத் திணையில்தான் இருக்கிறார். காணொளி அழைப்பு முகத்தைத் தருகிறது, குரலைத் தருகிறது. தொடுகையைத் தருவதில்லை.

அன்புக்குள்ளேயே இருக்கும் சிறு காயத்துக்கும் நம் இலக்கணத்தில் ஓர் இடம் உண்டு: ஊடல். அதற்கு மருத நிலத்தையே ஒதுக்கிவிட்டார்கள். தெரியாதவர் பேசாமல் போனால் நாம் கவனிப்பதுகூட இல்லை. அன்றாடம் விசாரிப்பவர் ஒருநாள் விசாரிக்கவில்லையென்றால் சாப்பாடு இறங்குவதில்லை. மூளை எந்நேரமும் அடுத்து வரப்போவதைக் கணித்துக்கொண்டிருக்கிறது. நெருங்கியவர்களைப் பற்றிய கணிப்புகள்தான் மிக உறுதியானவை. அவை பொய்க்கும்போது விழும் அடியும் பலமானது. புலவி, அதாவது ஊடல், உணவில் உப்பு அமைந்ததைப் போன்றது; அதைச் சற்றே நீளவிட்டாலும் உப்பு மிகுந்ததைப் போலாகிவிடும் என்கிறது 1302ஆம் குறள். சமைக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இனி அந்தச் சீன மூதாட்டி.

பேச்சிலும் இசையிலும் உணர்ச்சி எப்படி வெளிப்படுகிறது என்று ஆராய்ந்த யுஸ்லினும் லௌக்காவும் 2003இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். குரலைப் பற்றிய 104 ஆய்வுகளையும் இசை நிகழ்த்துதல் பற்றிய 41 ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். துயரத்தின் அடையாளங்கள் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன: வேகம் குறைகிறது, ஓசை தணிகிறது, சுருதி தாழ்ந்து இறங்குமுகமாகிறது, குரலின் பளபளப்பு மங்குகிறது. சோர்ந்த உடம்பிலிருந்து வேறு எப்படிக் குரல் வரும்? பாடகரும் வயலின் கலைஞரும் அந்த உடம்பின் ஓசையைத்தான் இசைக்குள் கொண்டுவருகிறார்கள்.

1999இல் பால்க்வில், தாம்சன் இருவரும் இந்துஸ்தானி ராகங்களுக்குப் பழக்கமில்லாத மேற்கத்தியர்களுக்கு அவற்றின் பகுதிகளைப் போட்டுக் காட்டினார்கள். மகிழ்ச்சி, துயரம், சினம் ஆகியவற்றை அவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். முகாரி கேட்டால் நமக்கு நெஞ்சு கனப்பதில் பழக்கத்துக்கும் மரபுக்கும் பெரும்பங்கு உண்டு. ஆனால் எல்லாமே பழக்கம் என்று சொல்லிவிட முடியாது.

ஒப்பாரி இதிலும் தனி வகை. அது தாழ்ந்த குரல் அன்று. ஓங்கி எழுந்து, இறங்கி, உடைவது. இசையறிஞர் டேவிட் ஹியூரன் அமைதியான சோகத்தையும் வாய்விட்டு அழும் துக்கத்தையும் பிரித்துக் காட்டுகிறார். சோகம் ஒடுங்கிக்கொள்கிறது, துக்கம் கூப்பிடுகிறது. விம்மலும், நடுவே முறியும் குரலும், கேட்பவரின் உள்ளத்தை இளக்கி அருகே அழைக்கும் குறிகள். அத்தையின் ‘போனீரே’ கடைசி எழுத்தில் முறிந்ததும் மூதாட்டியின் கால்கள் நின்றதற்குப் பொருள் இதுதான். அவர் காதில் விழுந்தது தமிழன்று. அழைப்பு.

இன்னொன்று எஞ்சியிருக்கிறது. சொந்தத் துயரிலிருந்து ஓடும் நாம் பிறர் துயரைப் பாட்டிலும் கவிதையிலும் தேடிப் போவது ஏன்? இரவுப் பணி முடித்துக் கடைசிப் பேருந்தில் திரும்பும்போது, காதில் செருகியிருக்கும் பாட்டு பெரும்பாலும் சோகப் பாட்டாகவே இருக்கிறது, நானும் அப்படித்தான். தாருஃபி, கோல்ஷ் இருவரும் 2014இல் 772 பேரிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். சோக இசை தங்களிடம் எழுப்பும் உணர்ச்சியாக அதிகம் பேர் குறிப்பிட்டது சோகத்தை அன்று. பழைய நினைவுகளின் ஏக்கத்தை. கூடவே அமைதி, மென்மை என்றும் சொன்னார்கள். அபாய மணி ஒலிக்கிறது, ஆனால் ஓட வேண்டிய ஆபத்து எதிரே இல்லை. அந்த இடைவெளியில் துயரத்தை நிதானமாகச் சுற்றிப் பார்க்க முடிகிறது.

காத்திருப்பும் அதில் சேர்கிறது. 2011இல் மான்ட்ரியாலில் நடந்த ஆய்வில், தங்களைச் சிலிர்க்கவைக்கும் இசையைக் கேட்டவர்களின் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் இரண்டு கட்டங்களில் சுரந்தது: உச்சத்தின்போது ஓர் இடத்தில், அதற்கு முந்தைய எதிர்பார்ப்பின்போது வேறோர் இடத்தில். ஆலாபனையில் பாடகர் மேல் சட்ஜத்தின் வாசல்வரை போய், அதற்கு முந்தைய சுரமான நிஷாதத்திலேயே நின்று சுழல்வதைக் கேட்டவர்களுக்கு இந்த இரண்டு கட்டங்களும் நன்றாகத் தெரியும்.

கவிதையின் வழி சற்று வேறு. அகப்பாட்டில் தலைவன் தலைவி யாருக்கும் பெயர் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. எனக்கு இது நம் மரபின் மிகப் பெரிய கண்டுபிடிப்பாகவே தோன்றுகிறது. ஆளுக்குப் பெயரில்லை, ஆனால் நோவுக்கு நிலம், பொழுது, பூ, பறவை என்று அத்தனை பெயரும் உண்டு. யார் வேண்டுமானாலும் உள்ளே நுழைந்து நின்று தம் நோவை அந்தப் பெயர்களால் சொல்லிக்கொள்ளலாம்.

பெயரிடுவது உண்மையிலேயே வேலை செய்கிறது. மாத்யூ லீபர்மன் குழு 2007இல் 30 பேருக்குச் சினமும் அச்சமும் தெரியும் முகங்களைக் காட்டியது. அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவின் துடிப்புக் குறைந்தது. நெற்றிப் புறணியின் ஒரு பகுதி முன்னே வந்தது. அடக்கினால் என்ன ஆகும்? 1987இல் டேனியல் வெக்னர், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைத்தால் மணி அடியுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்றபோது, அடக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் கரடி இன்னும் அதிகம் வந்தது. குறளின் தலைவி இதை ஊற்றைக் காட்டிச் சொல்கிறாள்:

மறைப்பேன்மன் யானிஃதோ நோயை இறைப்பவர்க்கு
ஊற்றுநீர் போல மிகும்.

குறுந்தொகையின் 28ஆம் பாட்டில் ஔவையாரின் தலைவி, முட்டுவேனோ, தாக்குவேனோ, ‘ஆஅ ஒல்’ என்று கூவுவேனோ என்று தவிக்கிறாள். அவளை வாட்டுவது பிரிவு மட்டுமன்று. தன் நோய் அறியாமல் ஊர் உறங்குகிறது.

எங்கள் புளோக்கில் ஊர் உறங்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு, அத்தை மாலையில் கீழ்த்தளத்துக் கல்மேசையில் வந்து உட்காருவார். சில நாள் கழித்து மூதாட்டியும் வந்து எதிரே உட்காரத் தொடங்கினார். இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் சந்தை மலாய்தான். ஒருநாள் மூதாட்டி தம் நெஞ்சில் கை வைத்து, அத்தையைப் பார்த்து, "சாக்கிட்?" என்று கேட்டார். பல்வலிக்கும் வயிற்றுவலிக்கும் மலாயில் அந்தச் சொல்தான். அத்தை ஆமாம் என்று தலையசைத்துவிட்டு, தம் கையையும் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.