கோடு ஃபுல்லா இருக்கு, நெட் ஏன் நகரவில்லை?

இந்த மாதத்தில் வைஃபை சரியில்லை என்று கூப்பிட்டு நான் போய்ப் பார்த்த ஐந்தாவது வீடு இது. ஓசூர் தளி ரோட்டுப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தம்பி ஒருவர், ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீடியோ கால் திக்குகிறது என்று கூப்பிட்டிருந்தார். போனால் ஹாலில் ரவுட்டர், படுக்கையறையில் ஒரு பூஸ்டர், சமையலறை வாசலில் இன்னொன்று. "டவர் ஃபுல்லா இருக்குண்ணா, ஆனா நெட் ஸ்லோ" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ரவுட்டரின் குரல் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான் அந்தக் கோடு காட்டும். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். "ஓசூர் ஓசூர்", "தர்மபுரி சேலம்" என்று நாலு கண்டக்டர்கள் ஒரே நேரத்தில் கத்துவார்கள். பக்கத்தில் நிற்பவர் குரல் காதைப் பிளக்கும். ஆனால் பர்கூருக்கு வண்டி எப்போது என்று அவரிடம் கேட்டுப் பதில் வாங்க முடிகிறதா? வைஃபையும் அப்படித்தான். ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசைத் துண்டில், இருக்கிற ரவுட்டர்கள் ஒன்று பேசி முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும். பூஸ்டர் வாங்கி வைப்பது ஐந்தாவதாக ஒரு கண்டக்டரைக் கொண்டுவந்து நிறுத்துகிற வேலை. ஒரே ரேடியோ உள்ள மலிவு பூஸ்டர் கேட்டதையே திரும்பச் சொல்வதால் வேகம் கிட்டத்தட்ட பாதியாகும், அது வேறு.

அவர் லேப்டாப்பிலேயே இருபது வரி பைத்தான் எழுதி ஓட்டினேன். விண்டோஸில் நெட்எஸ்ஹெச், லினக்ஸில் என்எம்சிஎல்ஐ என்ற கட்டளைகள் சுற்றிலுமுள்ள வைஃபைகளின் பட்டியலைக் கொடுக்கும்; அதை வாங்கி, படம் வரைகிற பைத்தான் நூலகமான மேட்பிளாட்லிப்பில் வரைவது, அவ்வளவுதான். 27 நெட்வொர்க், 15 பேர் ஆறாவது சேனலில். அவருடைய இரண்டு பூஸ்டரும் அதில் சேர்த்தி.

விண்டோஸ் சிக்னலைச் சதவீதமாகத்தான் சொல்லும். பாதியாக்கி 100ஐக் கழித்தால் சிக்னல் பலத்தை அளக்கும் டிபிஎம் கணக்கு கிடைக்கும்: 60 என்றால் மைனஸ் 70.

எந்தச் சேனலில் எத்தனை நெட்வொர்க் என்று பார் சார்ட் மட்டும் போடாதீர்கள். போன வாரம் ஒரு பாலிடெக்னிக் மாணவர் அப்படி வரைந்து, நான்காவது சேனல் காலி என்று அதில் போய் உட்கார்ந்து, முன்பைவிட மோசமாகிவிட்டது என்று வந்தார். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற வைஃபை அலைவரிசையில் சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி; சிக்னலின் அகலமோ 20. ஆறில் இருப்பவர் நாலிலிருந்து எட்டுவரை கால் நீட்டிப் படுத்திருக்கிறார். குன்று குன்றாக வரைந்தால் இது கண்ணுக்குத் தெரியும். ஒரே சேனல் என்றால் முறைவைத்தாவது பேசலாம், பாதி மோதினால் வெறும் இரைச்சல். ஆகவே ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11இல் கூட்டம் குறைந்தது எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், "இது ஹேக்கிங்கா?" என்று பயப்படாதீர்கள். ரவுட்டரே விநாடிக்குப் பத்து முறை தன் பெயரைக் கூவுகிறது, நாம் கேட்கிறோம். "அப்போ பக்கத்து வீட்டு பாஸ்வேர்டு?" என்று கேட்பவர்களுக்கு: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66, மூன்றாண்டு வரை சிறை. என்னிடம் கேட்காதீர்கள்.

யார் எவ்வளவு டவுன்லோடு செய்கிறார்கள் என்பதை இந்தப் படம் காட்டாது. அதனால் முதலில் லேன் வயரைச் சொருகி ராத்திரியில் வேகம் பாருங்கள். அதிலும் மெதுவென்றால் வைஃபையைத் திட்டிப் பயனில்லை, கனெக்‌ஷன் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். ரவுட்டரை ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். ரவுட்டர் செட்டிங்கில் 2.4இன் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே விடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இன்னொரு அலைவரிசை ரவுட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள், சுவர் தாண்டத் திணறும், ஆனால் கூட்டம் குறைவு. அந்தத் தம்பியின் ரவுட்டரில் அது சும்மாவே கிடந்தது. லேப்டாப்பை அதில் மாற்றிவிட்டு இரண்டு பூஸ்டரையும் பிடுங்கினேன், கால் திக்கவில்லை.

பூஸ்டர்களைத் திருப்பி அனுப்பலாமே என்று பில்லைக் கேட்டேன். அட்டைப்பெட்டியோடு பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டாராம்.