ஜாமீன்: கிடைப்பதா, நிற்பதா?

2014 அக்டோபர் 7. சொத்துக் குவிப்பு வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஜெயலலிதாவின் மனு, பெங்களூருவில் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்த நாள். டிவியில் "ஜாமீன் கிடைத்தது" என்று எழுத்து ஓட ஆரம்பித்ததுமே வெளியே பட்டாசு வெடித்தார்கள், இனிப்பு கொடுத்தார்கள். கொஞ்ச நேரம்தான். நிபந்தனையோடு ஜாமீன் கொடுக்க ஆட்சேபம் இல்லை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் சொன்னதையே நீதிபதியின் உத்தரவாக எடுத்துக்கொண்டு செய்தி பரவியிருந்தது. நீதிபதியோ மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார். பத்து நாள் கழித்து, அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம்தான் ஜாமீன் கொடுத்தது.

இத்தனை பேரை ஒரே நாளில் சிரிக்கவும் அழவும் வைக்கும் இந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்?

வேர் அரபியில் இருக்கிறது. அங்கே 'ளாமின்' என்பதற்குக் கிட்டத்தட்ட ஒலிக்கும் ஒரு சொல் உண்டு, அதன் முதல் எழுத்து நம் எழுத்துக்குள் சரியாக அடங்காது. பொருள்: பொறுப்பேற்பவர், இன்னொருவருக்காக முன்னால் வந்து நிற்பவர். பாரசீகத்திலும் உருதுவிலும் அந்த முதல் ஒலி மாறி, வக்கீல், வக்காலத்து, ஜப்தி, அமீனா, கைதி, வசூல் என்று நம் கோர்ட் கச்சேரிச் சொற்கள் பலவும் எந்த வழியில் வந்தனவோ அதே வழியில் இதுவும் தமிழுக்குள் ஜாமீனாக வந்து சேர்ந்தது. இந்தியில் இதே வேரிலிருந்து வரும் 'ஜமானத்' தேர்தல் வரைக்கும் போய்விட்டது. நாம் "டெபாசிட் போச்சு" என்று சொல்லும் இடத்தில் அவர்கள் "ஜமானத் ஜப்த்" என்பார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மூலத்தில் ஜாமீன் என்பது ஓர் ஆள். கோர்ட் கொடுக்கிற பொருளோ, சிறைக் கதவு திறக்கிற செயலோ அல்ல. நம் பேச்சுவழக்கில் இந்தப் பழைய பொருள் இன்னும் சாகவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். "மச்சான் கடனுக்கு ஜாமீன் நின்னு மாட்டிக்கிட்டார்" என்று எந்த ஊரிலும் சொல்வார்கள். கடனில் ஜாமீன் 'நிற்கிறது', கோர்ட் செய்தியில் ஜாமீன் 'கிடைக்கிறது'. நிற்கிற ஜாமீன்தான் மூத்தது. பத்திரிகைகள் கிடைக்கிற ஜாமீனையே திரும்பத் திரும்ப எழுதியதில், நின்ற ஆள் செய்தியிலிருந்து மறைந்துபோனார்.

அப்புறம், ஜமீன் வேறு, ஜாமீன் வேறு. ஜமீன் பாரசீகச் சொல், நிலம் என்று பொருள், அதிலிருந்துதான் ஜமீன்தார். பிறருக்காகக் கையெழுத்துப் போடுகிறவர் ஜாமீன்தார். ஒரு கால் எழுத்து வித்தியாசத்தில் சொத்துள்ளவரும் சொத்தை அடகு வைத்துப் பொறுப்பேற்பவரும் இடம் மாறிவிடுவார்கள், ஆகவே எழுதும்போது கொஞ்சம் கவனம் வேண்டும்.

சரி, தமிழில் என்ன? பிணை. இதைச் சிலர் அகராதியிலிருந்து தோண்டி எடுத்த சொல் போலப் பார்க்கிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும். பிணைத்தல் என்றால் கட்டுதல், ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தல். நெற்களத்தில் மாடுகளைக் கழுத்துக் கயிற்றால் வரிசையாகப் பூட்டிக் கதிர்மேல் சுற்றிச் சுற்றி நடக்க விடுவார்களே, அந்த மாட்டு வரிசைக்குப் பெயர் பிணையல். ஓரத்து மாடு எட்டிப் போட்டால் உள்மாடும் எட்டிப் போட வேண்டும், ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். தொடுத்த மாலையும் பிணையல்தான். பழைய இலக்கியத்தில் பெண்மானுக்கும் பிணை என்று பெயர், குறளில் வரும் 'பிணையேர் மடநோக்கு' அந்த மானின் பார்வைதான். ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பேற்பதைப் பிணைப்படுதல் என்றும், அப்படி நிற்பவரைப் பிணையாளி என்றும் சொன்ன மொழி இது. சட்டம் படித்த யாரோ மேசையில் உட்கார்ந்து ஆக்கிய கலைச்சொல் இல்லை.

ஆங்கிலத்துப் 'பெயில்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதுவும் அழகாகத்தான் இருக்கிறது. பழைய பிரெஞ்சில் ஒப்படைத்தல் என்ற வினை, அதற்கும் பின்னால் லத்தீனில் சுமை சுமப்பது. ஆக லத்தீன்காரருக்குத் தோளில் சுமை, அரபிக்காரருக்குப் பொறுப்பு, நமக்குக் கயிறு. மூன்றிலும் ஓர் ஆள் இருக்கிறார். பணம் ஒன்றில்கூட இல்லை.

பணமும் சொத்தும் எப்படி உள்ளே வந்தன என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன் அடிதடி வழக்கில் உள்ளே போனான். வியாழக்கிழமை உத்தரவு வந்தது: இரண்டு பேர் ஜாமீன் தர வேண்டும், அதில் ஒருவர் ரத்த சொந்தம். அம்மாவின் தம்பி கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்தார், கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார், நாலு போட்டோ, வீட்டு வரி ரசீது. ரசீது செத்துப்போன அப்பா பெயரில் இருந்தது. அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். வீடு அவருடையது, ஊருக்கே தெரியும், பெயர் மட்டும் மாற்றவில்லை. வெள்ளிக்கிழமை வேறு ஆள் தேடுவதிலேயே போய்விட்டது, சனி ஞாயிறு கோர்ட் கிடையாது, பையன் திங்கட்கிழமை மாலைதான் வெளியே வந்தான். அந்த நாலு நாளும் அவன் அம்மா எல்லாரிடமும் சொன்னது, "ஜாமீன் கிடைச்சிருச்சு, ஆனா ஜாமீன் கிடைக்கல." முதல் ஜாமீன் கோர்ட் உத்தரவு, இரண்டாவது ஜாமீன் ஆள். கேட்டவர்கள் குழம்பினார்கள். "பிணை கிடைத்துவிட்டது, பிணையாளர் கிடைக்கவில்லை" என்று சொல்லிப் பாருங்கள், குழப்பமே இல்லை. தமிழ்ச் சொல் வேண்டும் என்று நான் கேட்பதற்கு முதல் காரணம் இந்தத் தெளிவுதான், மொழிப்பற்று இரண்டாவது.

இதே துயரம் 1978லேயே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மோத்தி ராம் எதிர் மத்தியப் பிரதேச அரசு என்ற வழக்கு. மனுதாரர் ஒரு கொத்தனார். அவரைப் பிணையில் விடச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருந்தது. கீழே இருந்த மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்குப் பிணையாளர் வேண்டும் என்றார். கொத்தனாரின் சகோதரர் பிணை நிற்க முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பில் கோபம் வரிக்கு வரி தெரியும். ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால், அந்த ஊரில் சொத்துள்ள பிணையாளருக்கு எங்கே போவார் என்று கேட்டார். கொத்தனாரை 1,000 ரூபாய்க்கு அவருடைய சொந்த முறியிலேயே, அதாவது பிணையாளர் இல்லாமல் அவரே எழுதிக் கொடுக்கும் உறுதிப் பத்திரத்திலேயே விடச் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு, 1977ல் பால்சந்த் வழக்கில், சிறை அல்ல, பிணைதான் அடிப்படை விதி என்ற பொருளில் எழுதியவரும் அவர்தான். இன்றைக்கும் பல பிணைத் தீர்ப்புகளில் அந்த வரியை எடுத்துக்காட்டுகிறார்கள்.

2024 ஆகஸ்டில் இன்னொரு தீர்ப்பு வந்தது. பல மாநிலங்களில் 13 வழக்குகள் உள்ள ஒருவர், எல்லாவற்றிலும் பிணை உத்தரவு வாங்கியிருந்தார். ஆனால் வழக்குக்கு இரண்டு பேர் என்று அத்தனை பிணையாளர்களுக்கு எங்கே போவது? பிணையாளராக வருகிறவர் பெரும்பாலும் நெருங்கிய சொந்தமோ நெடுநாள் நண்பரோதான், குற்ற வழக்கு என்றால் அந்த வட்டமும் சுருங்கிவிடும் என்று நீதிபதிகள் கவாய், விஸ்வநாதன் அமர்வு சொன்னது. வலது கையால் கொடுத்ததை இடது கையால் பிடுங்கக் கூடாது என்றும் எழுதியது. ஒரே பிணையாளர்கள் பல வழக்குகளுக்கு நிற்கலாம் என்று அனுமதித்தது. இந்தத் தீர்ப்பைப் படித்தபோது, செய்தியில் காணாமல் போன 'நின்ற ஆள்' திரும்பி வந்ததுபோல் எனக்கு இருந்தது.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிணை என்றால் என்ன என்று எங்கேயும் வரையறுக்கவே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய நடைமுறைச் சட்டம்தான் முதல்முறையாக வரையறுத்தது: காவலிலிருந்து நிபந்தனையோடு விடுவது பிணை, பிணையாளரோடு எழுதிக் கொடுப்பது பிணைமுறி, பிணையாளர் இல்லாமல் தானே எழுதிக் கொடுப்பது வெறும் முறி. சட்டமே மூன்றாகப் பிரித்து வைத்ததை நாம் மட்டும் ஒரே ஜாமீனில் போட்டுக் கலக்க வேண்டுமா? முன்ஜாமீனுக்கு முன்பிணை, இடைக்கால ஜாமீனுக்கு இடைக்காலப் பிணை, சொந்த ஜாமீனுக்குத் தன்முறி, ஜாமீன்தாருக்குப் பிணையாளர். எல்லாமே வாயில் எளிதாக வருகிற சொற்கள்தான்.

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் இதைப் பல காலமாகச் செய்துவருகின்றன. அங்கே ஜாமீன் இல்லை, பிணைதான். 1997ல் வந்த சட்டத்துக்கே பிணைச் சட்டம் என்று பெயர். இன்னும் ஒரு படி மேலே போய், பணம் கட்டினால் ரொக்கப் பிணை, ஆள் நின்றால் சரீரப் பிணை என்று பிரித்து எழுதுவார்கள். 2025 ஆகஸ்டில் முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க கைதாகி 26ஆம் தேதி பிணை பெற்றபோது, தலா 50 இலட்சம் ரூபா பெறுமதியான மூன்று சரீரப் பிணைகள் என்றுதான் செய்தி வந்தது. சரீரம் வடசொல்தான், ஆனாலும் அந்தப் பதம் ஆளைக் கண்முன் நிறுத்துகிறது. நம் ஊர்ப் பத்திரிகைகளில் இதற்கு இணையாக ஒன்றும் இல்லை.

இன்னொரு பிழையும் அடிக்கடி கண்ணில் படுகிறது. பிணையை விடுதலை என்று எழுதிவிடுகிறார்கள். விடுதலை என்றால் வழக்கு முடிந்தது, குற்றம் நிரூபிக்கப்படவில்லை. பிணையில் கயிறு அப்படியே இருக்கிறது, நீளம் மட்டும்தான் கூடியிருக்கிறது. தினமும் காலை 10.30க்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடுகிறவரைக் கேட்டால் சொல்வார். தமிழக அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜி 2023 ஜூன் 14ல் கைதாகி, 15 மாதம் கழித்து 2024 செப்டம்பர் 26ல் உச்ச நீதிமன்றத்தில் பிணை பெற்றார், மூன்றே நாளில் மீண்டும் அமைச்சரானார். பதவியா, வெளியே இருப்பதா என்று பின்னர் அதே நீதிமன்றம் கேட்டதும் 2025 ஏப்ரலில் பதவி விலகினார். அமைச்சர் நாற்காலி வரைக்கும் அந்தக் கயிறு எட்டியது.

கயிறு நீளாமலே போனவரும் உண்டு. திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்து ஜார்க்கண்டில் பழங்குடி மக்களோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபர் 8ல், மகாராஷ்டிரத்தில் 2018ல் நடந்த வன்முறை தொடர்பான பீமா கோரேகான் வழக்கில் கைதானார். நடுக்குவாத நோய், டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாது, உறிஞ்சு குழல் வேண்டும் என்பதற்கே மனுப் போட வேண்டியிருந்தது. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில், குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று தோன்றினாலே பிணை கொடுக்கக் கூடாது என்ற பிரிவு இருக்கிறது. 2021 ஜூலை 5 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அவருடைய பிணை மனு விசாரணைக்கு எடுக்கப்பட்டபோது, அவர் இறந்துவிட்டார் என்று மருத்துவர் நீதிபதிகளிடம் தெரிவித்தார். வயது 84. அவருக்காக நிற்க எத்தனையோ பேர் இருந்தார்கள்.

2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நூற்றில் 75 பேருக்கு மேல். இவர்களில் கோர்ட் பிணை கொடுத்தும் பிணையாளர் இல்லாமல் உள்ளேயே கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் சில அறிவுறுத்தல்கள் தந்தது. பிணை உத்தரவின் நகலை அன்றைக்கோ மறுநாளோ சிறை வழியாகக் கைதிக்கு அனுப்ப வேண்டும், ஏழு நாளில் அவர் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர், இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், உள்ளூர்ப் பிணையாளர்தான் வேண்டும் என்று நிபந்தனை போடாமல் இருக்கலாம். அடுத்த முறை "ஜாமீன் கிடைத்தும் வெளியே வராத கைதிகள்" என்று செய்தி எழுதுகிறவர், "பிணை கிடைத்தும் பிணையாளர் இல்லாத கைதிகள்" என்று எழுதட்டும். அவர்கள் ஏன் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்பது தலைப்பிலேயே வந்துவிடும்.