‘தடுப்பணை கட்ட அரசு ஆவன செய்யுமா?’

சட்டமன்றம் கூடும் நாட்களில் கேள்வி நேரத்தைக் கவனிப்பவர்களுக்கு இந்த வாசகம் மனப்பாடம். கடலோரத் தொகுதியின் உறுப்பினர் எழுந்து, “எங்கள் பகுதியில் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உப்பாகிவிட்டன. ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்ட அரசு ஆவன செய்யுமா?” என்று கேட்பார். “நீரியல் சாத்தியக்கூறு இல்லை” என்றோ, “ஆய்வு செய்து நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்” என்றோ அமைச்சர் பதில் சொல்வார். ஊரில் இருப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள்: நடக்காது. கிணறு ஏன் உப்பாகிறது என்பதற்குள் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. அது தெரிந்தவர் கேட்கும் கேள்வி வேறு மாதிரி இருக்கும். பதிலும் வேறு மாதிரி வரும்.

அவை நடைமுறையை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். உறுப்பினர் எழுதிக் கொடுக்கும் கேள்வி துறைக்குப் போய், செயற்பொறியாளர், உதவிப் பொறியாளர் என்று கீழே இறங்கும். பதில் அதே படிக்கட்டில் மேலேறி வரும். எழக்கூடிய துணைக் கேள்விகளை ஊகித்து அமைச்சருக்குத் தனியாக ஒரு குறிப்பும் தயாராகும். மக்களவையிலும் இதே முறைதான்: 15 நாள் முன்னறிவிப்பு, 150 சொற்களுக்கு மிகாத கேள்வி, வாய்மொழிப் பதிலுக்கு நாளொன்றுக்கு 20 கேள்விகள், அவையும் குலுக்கலில். எந்த அவையானாலும் கேள்வி தகவலைக் கேட்க வேண்டும். அமைச்சரின் அபிப்பிராயத்தைக் கேட்கக் கூடாது. ‘ஆவன செய்யுமா?’ என்று கேட்டால் உதவிப் பொறியாளர் ஒரே வரியில் எழுதி அனுப்பிவிடலாம். ‘நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது?’ என்று கேட்டால் யாராவது கிணற்றடிக்குப் போய் அளந்தாக வேண்டும்.

அந்த அளவுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருப்பதால் ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிராம் எடை நிற்கும். நன்னீர் 1,000 கிராம். வித்தியாசம் 25 கிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. கடலோரக் கிணறுகளின் தலையெழுத்து முழுவதும் இந்த நாற்பதுக்குள் அடங்கியிருக்கிறது.

பள்ளியில் பார்த்த ‘ப’ வடிவக் கண்ணாடிக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கடல்நீர், மறுபக்கம் நன்னீர். இரண்டும் கலக்காமல் அடியில் சந்திப்பதாக வைத்துக்கொள்வோம். கடல்நீர் 40 செ.மீ. உயரம் நின்றால் அதைத் தாங்கிப் பிடிக்க நன்னீர் 41 செ.மீ. நிற்க வேண்டும், 40ஐ 1.025ஆல் பெருக்கினால் சரியாக 41 வருகிறது. நன்னீர்ப் பக்கம் ஒரே ஒரு செ.மீ. தலை நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரிகிற அந்த ஒரு செ.மீ.க்குக் கீழே, எதிர்ப்பக்கத்து நீர்மட்டத்திலிருந்து 40 செ.மீ. ஆழம் வரை நன்னீர் இருக்கிறது.

கடற்கரை மணலுக்கு அடியில் நடப்பதும் இதுதான். மழைநீர் இறங்கி மணல் துகள்களின் இடுக்குகளை நிரப்புகிறது. கடல்பக்கத்திலிருந்து உப்புநீரும் அதே இடுக்குகளுக்குள் வருகிறது. கனம் குறைந்த நன்னீர், சரக்கேற்றிய தோணி மாதிரி, உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் வரை நன்னீர் கிடைக்கும். நெதர்லாந்தில் படோன் கைபன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியாக இந்த உறவைக் கண்டு எழுதினார்கள். அதனால் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்வது வழக்கம். நிலத்தடி நீர் நகர்ந்துகொண்டே இருக்கும், எல்லையில் இரண்டு நீரும் கலந்து ஒரு பட்டையாகக் கிடக்கும். எனவே நாற்பது என்பது முதல்நிலை மதிப்பீடு. ஆனால் எவ்வளவு நல்ல மதிப்பீடு!

தனுஷ்கோடியில் இதைக் கையால் தொட்டே பார்க்கலாம். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒடுங்கிய மணல்திட்டு. அங்கே மீனவக் குடும்பங்கள் மணலில் சில அடி பள்ளம் தோண்டி, ஊறிவரும் தண்ணீரை அகப்பையால் மொண்டு குடத்தில் நிரப்புவார்கள். குடிக்கத் தகுந்த நன்னீர். மழைநீர் மணலுக்குள் ஒரு வில்லை போலத் திரண்டு உப்புநீர்மேல் மிதப்பதால் கிடைப்பது அது. மெதுவாக மொள்ளும்வரை வில்லை கலையாது. அதே இடத்தில் ஆழ்துளைக் குழாயை இறக்கி மோட்டார் போட்டால் சீக்கிரமே உப்பு வந்துவிடும்.

நாற்பது மடங்கு என்பது இரு பக்கமும் வெட்டும். நீர்மட்டம் அரை மீட்டர் ஏறினால் நன்னீர் 20 மீட்டர் ஆழப்படும். அரை மீட்டர் இறங்கினால் உப்புநீர் 20 மீட்டர் மேலே வரும். மோட்டார் ஓடும்போது கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் குழிவாக இறங்குவதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தக் குழிவுக்கு நேர் கீழே, கண்ணில் படாமல், உப்புநீர் கூம்பாக எழும்பிக்கொண்டிருக்கும். கிணற்றின் அடிக்கும் உப்பு எல்லைக்கும் இடையிலான தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூம்பு ஏறிவிட்டால் அது நிலைகொள்ளாமல் குழாய்க்குள் பாயும் அபாயம் உண்டு. ஒரே இடத்தில் ஆழமாகப் போட்டு வேகமாக இறைப்பதைவிட, தள்ளித் தள்ளி ஆழமில்லாத கிணறுகள் தோண்டிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது கடலோரத்துக்கு ஏற்றது என்பதற்கு இதுவே காரணம்.

இதில் கவலைப்பட வைப்பது கால தாமதம். மணல் இடுக்குகளில் இருக்கும் நன்னீர் விலகி உப்புநீர் வந்து சேர ஆண்டுகள் பிடிக்கும். இன்று கூடுதலாக இறைப்பவருக்கு இன்று உப்புக் கரிக்காது. கரிக்கத் தொடங்கிய பின் மோட்டாரை நிறுத்தினாலும், உப்பைக் கழுவி வெளியேற்ற, அது வந்து சேர்ந்த காலத்தைவிட அதிகமான காலம் தேவைப்படும். கெடுவதற்கு அதிக உப்புநீரும் வேண்டாம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு 250 மில்லிகிராம். வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 1,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். நூறு குடத்தில் ஐந்து குடம் கடல்நீர் கலந்தால் கிட்டத்தட்ட அந்த ஆயிரத்தைத் தொட்டுவிடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் ஆலைகளுக்கும் நகரத்துக்கும் பாசனத்துக்குமாக இறைத்து இறைத்து உப்பு உள்நாட்டுக்குள் பல கி.மீ. நகர்ந்த கதை நீரியல் படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2010இல் தொடங்கப்பட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவரைக் கூட்டிவந்து கடலோரத் தோட்டத்தில் போர் போடும் வழக்கம் இன்னும் நிற்கவில்லை. கடற்கரை மணலில் எங்கே துளைத்தாலும் தண்ணீர் வரும். அதனால் தேங்காய் எப்போதும் ஜெயிக்கும். எத்தனை மீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பதைத் தேங்காய் சொல்லாது. அதற்குச் செலவழிக்கும் பணத்தில் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துக் குளோரைடு பார்த்துவிடலாம்.

மீண்டும் அவைக்கு வருவோம். நீர்மட்டம் பற்றிக் கேட்டால் வழக்கமாக வரும் பதில், “தரைமட்டத்திலிருந்து 4 மீட்டர் ஆழத்தில் உள்ளது” என்று இருக்கும். உள்நாட்டில் இந்தப் பதில் போதும். கடலோரத்தில் இது எதையும் சொல்வதில்லை. கடல்மட்டத்துக்கு 7 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் 4 மீட்டர் ஆழம் என்றால், நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 3 மீட்டர் நிற்கிறது; நிம்மதியாக இருக்கலாம். கடல்மட்டத்துக்கு 3 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் அதே 4 மீட்டர் என்றால், நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே போய்விட்டது. தோணி கவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். கடல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. இரண்டு ஊருக்கும் பதிலில் ஒரே எண்தான் அச்சாகும்.

ஆகவே நீர்மட்டத்தைச் சராசரிக் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். நீர் தாங்கும் மணல் அடுக்கு கடல்மட்டத்துக்குக் கீழே 30 மீட்டர் வரை இருந்தால், அது முழுவதும் நன்னீராக இருக்க அந்த இடத்தில் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல், 30ஐ 40ஆல் வகுத்த 0.75 மீட்டர் நிற்க வேண்டும். அளப்பதிலும் கவனம் தேவை. கிணற்று விளிம்பின் உயரத்தை லெவல் கருவி வைத்து ஒருமுறை திருத்தமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அதில் 10 செ.மீ. பிழை வந்தால் உப்பு எல்லைக் கணக்கில் 4 மீட்டர் பிழையாகும். அளப்பதற்குச் சில மணி நேரம் முன்பே பக்கத்து மோட்டார்களை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழிவைத்தான் அளப்போம். மாநில நில மற்றும் மேற்பரப்பு நீர்வள விவர மையமும் மத்திய நிலத்தடி நீர் வாரியமும் கண்காணிப்புக் கிணறுகளை வைத்திருக்கின்றன. கண்காணிப்புக் கிணற்றுக்கு அடிக்கல் நாட்டு விழா கிடையாது என்பதால் அதற்கு நிதி கேட்டு யாரும் குரல் கொடுப்பதில்லை. ஒரு தடுப்பணைக்கு ஆகும் செலவில் சிறு பங்கை ஒதுக்கினால் ஒரு தொகுதி முழுவதற்கும் போதுமான அளவீட்டுக் கிணறுகளைப் போட்டுவிடலாம். என் பார்வையில் கடலோர நீர்வளத்தில் நம்முடைய பெரிய குறை இதுதான்.

தடுப்பணை வேண்டாமா? வேண்டிய இடங்கள் உண்டு. கடல் இரண்டு வாசல் வழியாக வருகிறது. ஒன்று, மேலே சொன்ன நிலத்தடி வழி. மற்றொன்று ஆற்று முகத்துவாரம். படுகை 2,000 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிந்தால், கடல் ஒரு மீட்டர் ஏறும்போது தண்ணீர் 2 கி.மீ. உள்ளே வரும், டெல்டாவில் சரிவு 5,000க்கு ஒன்று என்றால் 5 கி.மீ. படுகையில் ஒரு மீட்டர் மணலை அள்ளினாலும் விளைவு அதேதான். கொள்ளிடத்தின் கடைமடையில் கோரிக்கை ஓயாமல் எழுவது இதனால்தான். அணையின் உச்சி, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் மிக அதிகமாக ஏறும் மட்டத்துக்கு மேலே இருந்தால் இந்த வாசல் மூடிவிடும்.

நிலத்தடி வாசலுக்கு அணை வேறு விதமாக உதவுகிறது: தேங்கும் நீர் படுகை வழியே இறங்கி நீர்மட்டத்தை உயர்த்த வேண்டும். 200 மீட்டர் அகல ஆற்றில், 2,000க்கு ஒன்று சரிவில் 1.5 மீட்டர் உயர அணை கட்டினால் தண்ணீர் 3 கி.மீ. பின்னோக்கித் தேங்கும், கொள்ளளவு சுமார் 4.5 லட்சம் கன மீட்டர். புதுப் படுகையில் நாளுக்கு 2 செ.மீ. இறங்குகிறது என்று வைத்தால், தினம் 12,000 கன மீட்டர் மண்ணுக்குள் போகும். சில வெள்ளத்துக்குப் பின் வண்டலும் களியும் சில செ.மீ. படிந்தாலே அது 2 மி.மீ. ஆகச் சுருங்கிவிடலாம். வெயிலில் ஆவியாவதோ நாளுக்கு 5, 6 மி.மீ. அப்போது அந்த அணை மண்ணுக்குக் கொடுப்பதைவிட வானத்துக்குக் கொடுப்பது அதிகம். தூர்வாராத தடுப்பணைகளுக்குப் பக்கத்திலேயே கிணறுகள் உப்பாக இருப்பதன் விளக்கம் இது.

‘நீரியல் சாத்தியக்கூறு இல்லை’ என்பதற்குள் பல காரணங்கள் ஒளிந்திருக்கும்: நம்பத்தக்க நீர்வரத்து இல்லாமை, கரை தாழ்ந்திருப்பதால் பக்கத்து நிலம் மூழ்குதல், அடித்தளம் பலவீனம், மேலேயோ கீழேயோ ஏற்கெனவே ஓர் அணை நெருக்கமாக இருத்தல். எந்தக் காரணம் என்று துணைக் கேள்வியில் கேட்கலாம், கேட்க வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியைக் காரணம் காட்டினால், உப்பு ஊடுருவலைத் தடுக்கும் கட்டுமானங்களுக்கு முன் அனுமதியுடன் அந்த விதியிலேயே இடம் இருக்கிறது என்பதை நினைவூட்டலாம்.

ஆகக் கேள்வித்தாளில் எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கும்: (அ) தொகுதியிலுள்ள கண்காணிப்புக் கிணறுகளில் கடந்த பத்தாண்டுகளில் ஜனவரி, மே மாத நீர்மட்டம் சராசரிக் கடல்மட்டத்தை ஒப்பிட்டு எவ்வளவு? (ஆ) அதே கிணறுகளில் குளோரைடு அளவு என்ன? (இ) குறுவட்ட (பிர்கா) வாரியாக ஆண்டுதோறும் நிலத்துக்குள் இறங்கும் நீர் எவ்வளவு, எடுப்பு எவ்வளவு? (ஈ) இப்போதுள்ள தடுப்பணைகள் கடைசியாகத் தூர்வாரப்பட்டது எப்போது? இறைப்பைக் கட்டுப்படுத்துவது பற்றித் துணைக் கேள்வி எழுப்பவும் காரணம் இருக்கிறது. சென்னைப் பகுதிக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. மாநிலம் முழுமைக்கும் 2003இல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டம் 2013இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

“ஆய்வு செய்யப்படும்” என்று அமைச்சர் சொன்னால் அது அவையில் தரப்பட்ட வாக்குறுதி. அதைப் பின்தொடரவே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அந்தக் குழு மாவட்டத்துக்கு வரும் நாளில், (அ) பிரிவில் கேட்ட கிணறுகளில் ஒன்றுக்கு அவர்களை அழைத்துப் போய், மூடியைத் திறந்து, அவர்கள் முன்னிலையிலேயே நாடாவை இறக்கி அளந்து காட்டலாம்.