பற்றாசு: சால்டருக்குத் தமிழில் என்ன சொல்?

இரண்டு சிறு செம்புத் துண்டுகளைச் சேர்க்க வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடையில் கேட்டால் சால்டரிங் என்பார்கள். ஏசி மெக்கானிக் பிரேசிங் என்பார். வீட்டில் என்றால் இரண்டு டியூப் பசையைக் குழைத்து ஒட்டிவிடுவோம். தமிழில் எழுதும்போது மட்டும் சால்டரிங், பிரேசிங், போதாக்குறைக்கு வெல்டிங் எல்லாவற்றுக்கும் 'பற்றவைத்தல்' என்று ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். அடுப்பைப் பற்றவைப்பதற்கும் அதே சொல்தான். ஆனால் சால்டருக்கென்றே, அதாவது துண்டுகளுக்கு நடுவில் உருக்கி இடும் இணைப்பு உலோகத்துக்கென்றே, நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது: பற்றாசு.

சால்டர் என்பது லத்தீனில் 'சொலிடாரே', அதாவது இறுகச் செய்தல் என்ற வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. பற்றாசு என்பது பற்று + ஆசு. ஆசு என்றாலே பற்றுக்கோடு. உலோகங்களை இணைக்க நடுவில் இடும் பொருளுக்கும் அதுவே பெயர். குற்றம் என்று பொருள்படும் ஆசு வேறு, ஆசுகவியில் வரும், விரைவு என்று பொருள்படும் வடசொல் வேறு.

இந்தச் சொல் எவ்வளவு புழக்கத்தில் இருந்தது என்பதற்கு யாப்பிலக்கணமே சாட்சி. இரண்டு குறள் வெண்பாக்களைத் தனிச்சொல்லால் சேர்த்து நேரிசை வெண்பா ஆக்கும்போது, முதற்குறளின் கடைசிச் சீர் தனிச்சொல்லோடு ஓசை சேராமல் விட்டிசைப்பது உண்டு. அப்போது ஓரிரு அசைகளைக் கூட்டி இணைப்பார்கள். அந்த அசைகள்தான் ஆசு. அப்படி அமைந்த பாட்டுக்கு ஆசிடை நேரிசை வெண்பா என்று பெயர். யாப்பருங்கலக்காரிகை என்ற யாப்பிலக்கண நூலின் பழைய உரை இதை விளக்கும்போது, ஒற்றுமைப்படாத உலோகங்களைப் பற்றாசு இட்டுச் சேர்ப்பதையே உவமையாகச் சொல்கிறது. பட்டறைச் சொல் படிக்கிறவர்களுக்கும் தெரிந்திருந்தால்தான் அப்படி எழுத முடியும்.

பொருளும் வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. செம்பை உப்புத்தாளால் தேய்த்து, பழுப்பு போய் இளஞ்சிவப்பாக மின்னும்வரை சுத்தம் செய்கிறோம். ரோசின் என்ற பிசின் பொருளைத் தடவிச் சூடாக்குகிறோம். சூடாக வேண்டியது செம்பு. அதன் சூட்டில்தான் ஈயம் உருக வேண்டும். வெள்ளீயம் 60, காரீயம் 40 என்ற பழைய கலவை 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். ஆகவே செம்பு கெட்டியாகவே இருக்க, ஈயக்கலவை இடுக்குக்குள் தானாகவே ஊறி ஓடுகிறது. சேரும் இடத்தில் வெள்ளீயமும் செம்பும் கலந்து மெல்லிய படலம் ஒன்று உண்டாகும். வெறுமனே மேலே ஒட்டி நிற்பதில்லை, உண்மையாகவே பற்றுகிறது. செம்பு தடிமனாக இருந்தால் சின்ன சால்டரிங் அயர்னால் ஆகாது. சூட்டைச் செம்பு இழுத்துப் பரப்பிவிடும்.

பிரேசிங்கும் இதே முறைதான், சூடு மட்டும் அதிகம். இணைக்கும் உலோகம் 450 டிகிரிக்கு மேல் உருகினால் அது பிரேசிங் என்பது வழக்கமான வரையறை. இதைப் 'பித்தளைப் பற்று' என்று பெயர்ப்பது சரியாகப் படவில்லை. ஏசி செம்புக் குழாயை இணைக்க உருக்கும் ராடில் (கம்பியில்) இருப்பது செம்பும் பாஸ்பரஸும், சிலவற்றில் கொஞ்சம் வெள்ளியும். பித்தளை இல்லை. வன்பற்றாசு என்றால் எல்லாவற்றுக்கும் பொருந்தும்; ஈயத்தில் செய்வது மென்பற்றாசு. பொற்கொல்லர் பொடி வைத்து ஊதுவதும் வன்பற்றாசுதான்.

வெல்டிங்கில் இணையும் துண்டுகளே உருகுகின்றன. அதை உருக்கி இணைத்தல் என்று தனியாகச் சொல்லிவிடலாம். பசை போட்டுச் சேர்த்தால் ஒட்டுதல், அவ்வளவுதான். முதலில் சொன்ன இரண்டு டியூப் பசையான எபாக்சி நன்றாகப் பிடிக்கும், ஆனால் சாதாரண எபாக்சி மின்சாரத்தைக் கடத்தாது. சூடு ஏறினால் இளகும்.

வினையாக எழுத, இலங்கையில் வழங்கும் 'பற்றாசு பிடித்தல்' நன்றாக இருக்கிறது. கருவிக்குப் பற்றாசுக்கோல் என்று வைத்துக்கொள்ளலாம். ரோசின் போல, சூடாக்கும் முன் தடவும் பொருளைக் குறிக்கும் ஃபிளக்ஸ் என்ற சொல்தான் இடறுகிறது. பாடநூல்களில் வரும் 'இளக்கி', தாதுவை உருக்கிப் பிரிக்கும் உலைக்கு ஏற்ற பெயர்; இங்கே அதன் வேலை ஆக்சைடை நீக்கி, மறுபடி படியாமல் காப்பது. பொதுச்சொல்லுக்காகக் காத்திருக்காமல், பொற்கொல்லர் வெண்காரம் என்கிறபடியும் ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் என்கிறபடியும் இடத்துக்கேற்ப அந்தந்தப் பொருளின் பெயரையே எழுதலாம்.