பில்லில் இல்லாத விண்டோஸ்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், ஒரு மாதத்தின் 18ஆம் தேதி காலை எட்டு மணிக்கெல்லாம் கணினி பழுது பார்க்கும் என்னை அவசரமாக அழைத்தார். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர் 3பி என்ற மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். கணினியிலோ ஒரு கோப்பும் திறக்கவில்லை. எந்தப் பட்டறைக்கு எத்தனை கிலோ வெள்ளி போனது, கொலுசாக எவ்வளவு திரும்பி வந்தது, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று ஆறு ஆண்டுகளாக எழுதி வைத்திருந்த எக்செல் கோப்புகள் ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் பொருளற்ற நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஃபோல்டருக்கு ஒன்றாக 'ரீட்மீ' என்ற சிறு குறிப்பும் இருந்தது. கோப்புகளைத் திரும்பப் பெற 980 டாலர் கொடுக்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலையாக 490 டாலர் போதும் என்று, ஆடித் தள்ளுபடி அறிவிப்பதைப் போல அதில் எழுதியிருந்தார்கள்.

தொகையையும் குறிப்பின் நடையையும் பார்த்தவுடனேயே அது எந்த வகை என்று தெரிந்துவிட்டது. 'ஸ்டாப் டிஜேவியு' என்று அழைக்கப்படும் இந்தப் பிணைத்தொகை வைரஸ் குடும்பம் 2018 முதல் உலவி வருகிறது. பெரிய நிறுவனங்களை உடைத்து நுழைவது இதன் வழியல்ல. காசு கொடுக்காமல் மென்பொருளை இயக்கக் கிராக், ஆக்டிவேட்டர், கீ ஜெனரேட்டர் என்ற பெயர்களில் இறக்கப்படும் கோப்புகளுக்குள் உட்கார்ந்து, நாமே கதவைத் திறந்துவிடும்வரை காத்திருப்பதுதான் இதன் வழக்கம். விசாரித்ததில், முந்தைய நாள் மாலை கடைப் பையன் ஒருவர் பிடிஎஃப் கோப்பைத் திருத்தும் மென்பொருள் ஒன்றின் கிராக்கை இறக்கியிருந்தார் என்பது தெரிந்தது. "ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இயக்கவும்" என்று அதில் எழுதியிருந்ததை அவர் அப்படியே செய்திருக்கிறார். நாயைக் கட்டிப் போட்டுவிட்டுத் திருடனுக்கு விளக்கும் பிடித்த கதைதான். பேக்கப் எடுத்து வைத்திருந்த வெளி ஹார்டு டிஸ்க்கும் அப்போது கணினியிலேயே செருகியிருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது.

இந்த வைரஸின் பழைய வகைகளுக்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019இல் இலவசமாக ஒரு மீட்புக் கருவியை வெளியிட்டது. ஆனால் பூட்டும்போது வைரஸால் தன் சர்வரைத் தொடர்பு கொள்ள முடிந்திருந்தால், அந்தக் கணினிக்கென்று தனிச் சாவி உருவாகிவிடும். அது இல்லாமல் புதிய வகைகளில் எதையும் திறக்க இயலாது. இங்கே இணைய இணைப்பு நன்றாகவே வேலை செய்திருந்தது. பணம் கட்ட வேண்டாம் என்று சொன்னேன், அவரும் கட்டவில்லை. பட்டறைக்காரர்களின் துண்டுச் சீட்டுகளையும், ஆடிட்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பழைய கோப்புகளையும், ஜிஎஸ்டி தளத்தில் ஏற்கெனவே ஏறியிருந்த விவரங்களையும் வைத்துக் கணக்கைத் திரும்பக் கட்டி எழுப்ப மூன்று வாரங்கள் ஆயின. தாமதக் கட்டணமும் வட்டியும் தனி.

அன்று மாலை அந்தக் கணினி வாங்கிய பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கேபினெட், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஸ்பைக் பஸ்டர் என்று எட்டு வரிகள் இருந்தன. விண்டோஸும் ஆபீஸும் அந்தப் பட்டியலில் இல்லை. "எல்லாம் போட்டுத்தான் குடுத்தாங்க தம்பி" என்றார் அவர். உண்மைதான், போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள், விற்கவில்லை. டச் (வெள்ளியின் தரம்) பார்க்காமல் ஒரு கட்டி வெள்ளியைக்கூடக் கடைக்குள் விடாத மனிதர், தன் வியாபாரம் முழுவதையும் சுமக்கும் மென்பொருளுக்கு ஒரு வரி பில்கூட இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. இதில் அவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. 2000களின் தொடக்கத்தில் நானும் நூறு ரூபாய் சிடியிலிருந்து ஊருக்கெல்லாம் ஓஎஸ், அதாவது விண்டோஸ் போன்ற இயங்குதளம், போட்டுக் கொடுத்தவன்தான். ஃபார்மட் அடிக்கும் கூலிக்குள் விண்டோஸும் அடக்கம் என்று வாடிக்கையாளர்களைப் பழக்கியதில் எங்கள் தொழிலுக்குப் பெரும் பங்கு உண்டு.

மென்பொருள் வாங்குவது என்றால் சிடியையோ இன்ஸ்டால் செய்யும் கோப்பையோ வாங்குவது என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். விண்டோஸை நிறுவும் கோப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நாம் காசு கொடுத்து வாங்குவது அதைப் பயன்படுத்தும் உரிமத்தை. பிராண்டட் லேப்டாப்புடன் வருவது ஓஇஎம் உரிமம். அது அந்த மதர்போர்டோடு பிறந்து அதோடு முடிவது, வேறு கணினிக்கு எடுத்துச் செல்ல முடியாதது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து அதன் சாவி மதர்போர்டிலுள்ள பயாஸ் என்ற சிப்புக்குள்ளேயே பதிந்து வருவதால், ஃபார்மட் செய்தாலும் அதே பதிப்பை நிறுவினால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். கடையில் தனியாக விற்கும் ரீட்டெய்ல் உரிமத்தைப் பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவதான வால்யூம் உரிமம் கம்பெனிகளும் கல்லூரிகளும் மொத்தமாக வாங்குவது. போலிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது வாசல் வழியாகவே வருகின்றன.

நிறுவனங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளை ஒவ்வொன்றாக ஆக்டிவேட் செய்வது சிரமம் என்பதால், கேஎம்எஸ் என்ற சர்வரை உள்ளேயே வைத்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் அனுமதிக்கிறது. குறைந்தது 25 கணினிகள் கேட்டால்தான் அது விண்டோஸுக்கு ஆக்டிவேஷன் கொடுக்கும். கொடுத்ததும் 180 நாட்கள் மட்டுமே செல்லும். அதற்குள் கணினி அந்த சர்வரை மறுபடி தொடர்பு கொண்டு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தெருக்கடை ஆக்டிவேட்டர்களில் பல, உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு பொய் சர்வரை உட்கார வைத்து இந்த ஏற்பாட்டை ஏமாற்றுபவை. அந்தப் பொய் சர்வர் தொடர்ந்து இயங்குவதற்காக, விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பான டிஃபெண்டரிடம் 'இந்த ஃபோல்டரைப் பார்க்காதே' என்று விதிவிலக்கும் எழுதி வைப்பார்கள். பின்னால் வரும் எந்த வைரஸுக்கும் அந்த ஃபோல்டர் தங்குமிடம் ஆகிவிடுகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தினால் வரும் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் என்று ஆங்கில எழுத்துகளில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, எக்ஸ்பிஆர் என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வரலாம். அல்லது வால்யூம் ஆக்டிவேஷன் இந்தத் தேதியில் முடிகிறது என்று ஒரு தேதி வரலாம். அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் தேதி வந்தால் பயமில்லை, அது அவர்கள் உரிமம். உங்கள் சொந்தக் கடைக் கணினியில் தேதி வந்தால், உங்களுக்குத் தெரியாத ஒரு நிறுவனத்தின் ஊழியராக உங்கள் கணினி நடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். தேதி வராவிட்டால் எல்லாம் சுத்தம் என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். களவாடப்பட்ட வேறு வகைச் சாவிகளும் 'நிரந்தரம்' என்றே காட்டும். கடைசியில் பில்தான் பேச வேண்டும்.

ஏற்காட்டு அனுபவம் வேறு வகை. ஏரிக்குச் சற்று மேலே சிறிய தங்கும் விடுதி நடத்தும் ஒருவர், மலையில் இடியும் மின்தடையும்தான் கணினிக்கு எதிரி என்று நம்பி, நல்ல யூபிஎஸ்ஸும் எர்த்திங்கும் செய்து வைத்திருந்தார். ஆபீஸ் மென்பொருளை மட்டும் இணையத்தில் 'ஆபீஸ் 365, வாழ்நாள் உரிமம், 499 ரூபாய்' என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்கியிருந்தார். மைக்ரோசாஃப்ட் 365 என்பது மாதச் சந்தாவாகவோ ஆண்டுச் சந்தாவாகவோ மட்டுமே கிடைப்பது. வாழ்நாள் உரிமம் என்று அதில் ஒன்றே கிடையாது. அவருக்கு வந்தது சாவிகூட இல்லை, ஒரு யூசர் ஐடியும் தற்காலிகப் பாஸ்வேர்டும். அந்த ஐடியின் வால் பகுதியில் அவர் கேள்விப்பட்டிராத ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. அதாவது, யாரோ ஒருவருடைய நிறுவனக் கணக்கில் இவர் ஓர் ஊழியராகச் சேர்க்கப்பட்டிருக்கிறார். அந்தக் கணக்கின் நிர்வாகி நினைத்தால் இவருடைய இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவைத் திறந்து பார்க்கலாம், பாஸ்வேர்டை மாற்றலாம், ஆளையே நீக்கலாம்.

அந்த ஒன்டிரைவில்தான் அறை முன்பதிவுப் பட்டியலும், விருந்தினர்களின் ஆதார் நகல்களும், வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டிய படிவத்துக்காக எடுத்த பாஸ்போர்ட் படங்களும் இருந்தன. மே மாத நெரிசலில் ஒரு நாள் கணக்கு முடங்கியது. இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் போய் நான் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. கோப்புகள் வேறொருவர் வீட்டில் இருந்தன, அந்த வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டார், அவ்வளவுதான். பட்டியல் தொலைந்ததைவிட, விருந்தினர்களின் அடையாள ஆவணங்கள் யார் கையில் இருக்கின்றன என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. விற்றவருக்கு அனுப்பிய செய்திகளுக்குப் பதிலே இல்லை.

புதிய கணினியென்றால் பத்திரம் என்ற நம்பிக்கையும் முழுதாகச் சரியல்ல. 2012இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சீனாவின் பல நகரக் கடைகளில் வாங்கிய 20 புதுக் கணினிகளில் நான்கில் வைரஸ் ஏற்கெனவே இருந்தது தெரியவந்தது. அவற்றில் நிறுவியிருந்தது போலி விண்டோஸ். தொழிற்சாலைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில், ஓஎஸ் போடும் மேசையில்தான் அது நுழைகிறது. விண்டோஸ் இல்லாமல் விற்கும் 'டாஸ்' மாடல் லேப்டாப் சில ஆயிரம் மலிவு என்று வாங்கி, அங்கேயே இலவசமாக விண்டோஸ் போட்டுக்கொள்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டிய மேசை அது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்ற பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி மென்பொருளைப் பயன்படுத்துபவருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வியாபார லாபத்துக்காக அல்லாத பயன்பாடாக இருந்தால் நீதிமன்றம் சிறைத் தண்டனையைத் தவிர்க்கலாம். கடைக்காரர் அந்தச் சலுகையை எதிர்பார்ப்பது கடினம். விற்றவர் மட்டுமல்ல, பயன்படுத்துபவரும் பொறுப்பாளி என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி.

இனி வாங்கும் விதம். மென்பொருளின் பெயர், பதிப்பு, உரிமத்தின் வகை, எத்தனை கணினிகளுக்கு என்பவை பில்லில் தனி வரியாக இருக்க வேண்டும். விற்பவரின் ஜிஎஸ்டி எண், எழுத்தும் எண்ணும் கலந்து 15 இடங்கள் கொண்டது, தமிழ்நாட்டுக் கடையென்றால் 33 என்று தொடங்கும். அதை ஜிஎஸ்டி தளத்தில் அடித்தால் கடைப் பெயர் வரும், ஒரு நிமிட வேலை. மென்பொருளுக்குக் கட்டும் 18 சதவீத வரியைப் பதிவு பெற்ற வியாபாரி உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானமும் உண்டு. உங்கள் ஆடிட்டரைக் கேட்டால் ஒரிஜினலின் உண்மையான செலவு விலைப்பட்டியலில் இருப்பதைவிடக் குறைவு என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுவார்.

பில்லுக்கு அடுத்து, யார் பெயரில் பதிவாகிறது என்பதைப் பாருங்கள். கணக்கு எழுதும் மென்பொருளான டேலி வாங்கும்போது, அவசரத்தில் டீலர் தன்னுடைய மெயில் ஐடியையே போட்டு ஆக்டிவேட் செய்து கொடுத்துவிட்டுப் போவதைப் பல கடைகளில் பார்த்திருக்கிறேன். முழுக் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல்தான். ஆனால் கணினி மாற்றும் நாளில் உரிமத்தை ஒப்படைத்து மறுபடி எடுக்க அந்த டீலரைத் தேட வேண்டும், அவர் கடையை மூடியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். கடையின் சொந்த மெயில் ஐடி, கடைக்காரர் கையில் உள்ள மொபைல் எண், இவை இரண்டும் இல்லாமல் எதையும் பதிய விடாதீர்கள். டேலி கற்றுக்கொள்ளும் மாணவர்களுக்குக் கிராக்கே தேவையில்லை. அதிலேயே உள்ள கல்வி முறையில் மாதத்தின் குறிப்பிட்ட சில தேதிகளுக்கு மட்டும் பதிவு போட்டு இலவசமாகப் பழகலாம்.

விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு என் பரிந்துரை, திருடாமலே இலவசமாகக் கிடைப்பதைப் பயன்படுத்துவது. கடிதம், கணக்குத் தாள் அளவிலான வேலைகளுக்கு லிப்ரே ஆபீஸ் தாராளமாகப் போதும். விண்டோஸுக்குப் பதிலான இலவச லினக்ஸ் வகைகளில், மத்திய அரசின் சீ-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸிலும் உபுண்டுவிலும் தமிழ் நன்றாகவே வருகிறது. பத்திரிகை, ஃபிளெக்ஸ் பக்கங்களை வடிவமைக்கும் டிடிபி நண்பர்களுக்கு இது எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளையும் பழைய எழுத்துருக்களையும் விட்டு வர அவர்களுக்குக் காலம் வேண்டும். ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்ட நிலையில், பழைய கணினிக்கென்று யாரோ குடைந்து செதுக்கிய 'லைட்' விண்டோஸ் 11ஐப் போட்டுக்கொள்வதைவிட, அதே கணினியில் லினக்ஸ் போடுவது எவ்வளவோ மேல்.

நான் சொன்ன சோதனையில் தேதி வந்துவிட்டால் பதற்றப்பட வேண்டாம். கோப்புகளை மட்டும் வெளி டிஸ்க்கில் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். கிராக் கோப்புகளை உடன் எடுக்காதீர்கள். வேறொரு சுத்தமான கணினியிலிருந்து அதிகாரப்பூர்வத் தளத்தின் நிறுவும் கோப்பைப் பென்டிரைவில் இறக்கி, கணினிக்குள் இருக்கும் டிஸ்க்கை முழுவதும் அழித்து, உரிமத்தோடு புதிதாக நிறுவுங்கள். வங்கி, மெயில், ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகளை அதற்குப் பிறகு மாற்றுங்கள், அதே கணினியில் முன்பே மாற்றினால் புதியதும் திருடனுக்குப் போகும். பணம் பறிபோயிருந்தால் உடனே இணையக் குற்றப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். இந்த வேலைக்கு எங்கள் கடையில் அரை நாள் ஆகிறது. அதற்கு வாங்கும் கூலி, பில்லில் தனி வரியாகவே வரும்.