‘கை நீட்டலையே’ என்பது நற்சான்றிதழ் அல்ல

இந்த மாதமும் அதே வசனம். “மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் இல்லை, கை நீட்டினதில்லை, அப்புறம் என்னம்மா குறை?” கேட்பது மாமியார் அல்ல, பெண்ணைப் பெற்றவர்கள்.

அடித்தால்தான் வன்முறை என்று யார் சொன்னது? குடும்ப வன்முறைச் சட்டம், 2005 அப்படிச் சொல்லவில்லை. அதன் 3-வது பிரிவைப் படியுங்கள். வசவு, கேலி, குழந்தை இல்லை என்றும் ஆண் குழந்தை இல்லை என்றும் குத்திக்காட்டுவது, செலவுக்குப் பணம் தராதது எல்லாமே வன்முறைதான். ‘உங்க அப்பாவை என்ன செய்யறேன் பார்’ என்று ஓயாமல் மிரட்டுவதும் அதில் சேரும்.

“சண்டை இல்லாத வீடு ஏது?” வாஸ்தவம். சண்டையில் ஒருநாள் இவர் இறங்கிவருவார், ஒருநாள் அவர். இங்கே இறங்குவது எப்போதும் ஒரே ஆள். அவள் சம்பாதிக்கிறாள், ஏடிஎம் கார்டு கணவர் பர்ஸில், பேங்க் எஸ்எம்எஸ் அவர் நம்பருக்கு. பஸ் தாமதமானால் வீடியோ காலில் பஸ்ஸைக் காட்ட வேண்டும். அம்மாவிடம் ஸ்பீக்கரில்தான் பேசலாம். குழம்பில் உப்பு கூடினால் மூன்று நாள் பேச்சில்லை. நேற்று சொன்னதைக் கேட்டால், “நான் எங்க சொன்னேன்? உனக்குத்தான் புத்தி பிசகிடுச்சு.” கேட்டுக் கேட்டு அவளே அதை நம்பிவிடுவாள். அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறதா? அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மனுவில் ‘மனரீதியாகத் துன்புறுத்தினார்’ என்று ஒற்றை வரி எழுதி வருகிறார்கள். அதை வைத்துக்கொண்டு மாஜிஸ்திரேட் என்ன செய்வார்? தேதி, நேரம், சொன்ன வார்த்தை அப்படியே, உடன் இருந்தவர் யார் என்று அன்றன்றே குறித்து வையுங்கள். அவர் நோண்டும் போனில் வேண்டாம். வாட்ஸ்அப் மெசேஜை அழுதுகொண்டே அழித்துவிடாதீர்கள். சான்றிதழ், பாஸ்புக் ஒரிஜினல்களை நம்பகமான கையில் சேருங்கள். “நான் போறேன்” என்று சண்டைக்கு நடுவே அறிவிக்காதீர்கள், ப்ளீஸ். ஆபத்து கூடுவதே கிளம்பும் நேரத்தில்தான்.

பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் தரலாம். பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், வருமான வரம்பு கிடையாது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் தரும் மனுவுக்கு முதல் விசாரணை 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்பது சட்டத்தின் கணக்கு. நடைமுறையில் இழுக்கும், தயாராக இருங்கள். வீடு மாமியார் பெயரில் இருக்கிறது என்று பயமுறுத்துவார்கள். சேர்ந்து வாழ்ந்த வீடு கணவரின் உறவினருக்குச் சொந்தமானாலும் அங்கே குடியிருக்கும் உரிமையைக் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-லேயே சொல்லிவிட்டது.

பெற்றவர்களே, “அடிச்சாரா?” என்ற கேள்வியை விடுங்கள். மகளோடு தனியாக இருக்கும்போது ஆபத்தைச் சொல்ல ஒரு ரகசிய வாக்கியத்தைப் பேசி வையுங்கள். “ஊறுகாய் தீர்ந்துடுச்சும்மா” என்று ஸ்பீக்கரில் அவள் சொன்னால் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அடுத்த பஸ் ஏறுங்கள்.