ராஜினாமா: கொடுத்ததா, வாங்கியதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) பையன், செம்பனை எண்ணெய் ஆலையில் ஏழு வருடம் வேலை பார்த்தவன், போன மாதம் வந்து, "அண்ணே, என்கிட்ட ராஜினாமா வாங்கிட்டாங்க" என்றான். ராஜினாமா கொடுப்பதுதான் வழக்கம். அவன் வாயில் அது 'வாங்கிட்டாங்க' ஆனபோதே பாதிக் கதை விளங்கிவிட்டது.

தாளைப் பார்த்தேன். கிராணி (ஆலை எழுத்தர்) முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்திருந்த மலாய்க் கடிதம். பெயருக்கும் அடையாள அட்டை எண்ணுக்கும் மட்டும் கோடு போட்டு இடம் விட்டிருந்தது. நடுவில் 'செச்சாரா சுக்கரேலா', அதாவது சொந்த விருப்பத்தின் பேரில்.

ராஜாவுக்கும் ராஜினாமாவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 'ராஜி' அரபியிலிருந்து வந்தது, இசைவு என்று பொருள். 'நாமா' பாரசீகம், எழுதிய பத்திரம். இரண்டும் சேர்ந்தால் இசைவுப் பத்திரம். இந்தியில் இன்றும் அது சமரச ஒப்பந்தத்தைத்தான் குறிக்கும். வேலையை விடுவதற்கு அங்கே 'இஸ்தீஃபா'. தமிழிலும் 'வழக்கை ராஜி பண்ணிக்கிட்டாங்க' என்கிறோமே, அந்த ராஜிதான் இது. இதில் வேடிக்கை, மலாய் 'ரேலா'வும் அதே அரபு வேரில் முளைத்தது. ஆக, அந்தத் தாள் எந்த மொழியில் படித்தாலும் சம்மதம் என்றே சொல்கிறது. பையனிடம் இல்லாததும் அது ஒன்றுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பத்திரிகைகள் 'பதவி விலகல்' என்று எழுதும். அமைச்சருக்குப் பொருந்தும், ஆலைத் தொழிலாளிக்குப் 'பணி விலகல்' போதும். விலகு என்பது தன்வினை: தானாகப் போவது. விலக்கு என்பது பிறவினை: பிறர் போகச் செய்வது. இடையில் ஒரே ஒரு 'க்'. வழக்கு முழுக்க அந்த ஒற்றுக்காகத்தான்.

"கையெழுத்துப் போடு, இல்லேன்னா நாங்களே நீக்கிடுவோம்" என்று மிரட்டி வாங்கிய கடிதத்தை மலேசியத் தொழிலியல் நீதிமன்றம் பணிநீக்கமாகவே கொள்ளும். ஆனால் மிரட்டினார்கள் என்று நிரூபிக்க வேண்டியவர் தொழிலாளி. அறையில் யார் யார் இருந்தார்கள், எத்தனை மணி, வாட்ஸ்அப்பில் என்ன வந்தது, எல்லாம் அன்றைக்கே குறித்து வைத்தால் கைகொடுக்கும்.

கடிதமே கேட்காமல் துரத்துவதும் உண்டு. சம்பளத்தைக் குறைப்பார்கள், மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, இருந்தவரைத் தரை கூட்டச் சொல்வார்கள். இதை 'மறைமுகப் பணிநீக்கம்' என்கிறோம். ஒப்பந்தத்தின் ஆணிவேரையே முதலாளி முறித்தால், வெளியேறும் தொழிலாளி நீக்கப்பட்டவராகவே கருதப்படுவார் என்று 1988இல் இங்கே அப்போதிருந்த உச்ச நீதிமன்றம் சொன்னது. மேலாளர் சிடுமூஞ்சி என்பது மட்டும் போதாது. மாதக்கணக்கில் பொறுத்துப் போனாலும் வழக்கு நீர்த்துவிடும். 'கட்டாய ராஜினாமா' என்ற தொடர் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. கட்டாயச் சம்மதம் என்று ஒன்று உண்டா? 'விலகவைத்தல்' என்றே எழுதலாம்.

வேலை திரும்ப வேண்டும் என்று தொழில் உறவு இலாகாவில் எழுத்து மூலம் முறையிட, 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு 60 நாள் தருகிறது. வேலை போன நாளிலிருந்து கணக்கு. ஞாயிறும் தீபாவளியும் அதில் சேர்த்தி.

விரல்விட்டு எண்ணினோம். 43 நாள் ஓடிவிட்டிருந்தது. இலாகா அலுவலகம் ஈப்போவில். அப்புறம் அவன் கேட்டது ஒன்றுதான்: "ஈப்போவுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்குண்ணே?"